உச்சி வெயில் கேமரா

தன் நிழல் காலடிக்குள் வந்து ஒடுங்கும்வரை இசக்கித்துரை கேமராவைத் தொடுவதில்லை. குருவிகுளம் போகும் சாலையோரம் பைக்கை நிறுத்தி, நனைத்த துண்டைத் தலையில் போட்டு, அதன்மேல் தொப்பியை அழுத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நிற்கிறார். நிழல் செருப்பளவுக்குச் சுருங்கியதும் பையிலிருந்து கறுப்புக் குடை ஒன்றை எடுத்து விரிக்கிறார். குடை அவருக்கு இல்லை, கேமராவுக்கு. "மெஷினு சூடாச்சுன்னா படத்துல புள்ளி புள்ளியா விழும் சார். நமக்கென்ன, காஞ்ச உடம்புதான" என்கிறார். பிறகு குந்தி உட்கார்ந்து, ஆவாரஞ்செடியின் இலைக்கொத்து ஒன்றுக்கு நேராக லென்சை நீட்டி, ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே கேமராவிடம் சொல்கிறார்: "இதுதான் வெள்ளை."

வாய்விட்டே சொல்கிறார். வீட்டில் பிள்ளைக்கு 'இது காக்கா, இது குருவி' என்று காட்டிச் சொல்லிக்கொடுப்பவர் குரல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இலை பச்சையாகத்தான் இருந்தது. "உங்க கண்ணுக்குப் பச்சை. இதுக்கு அது வெள்ளை. அத மொதல்லயே சொல்லிக் குடுத்திரணும். இல்லேன்னா பாக்கிறதெல்லாம் ரத்தச் செவப்பாக் காட்டிட்டுக் கெடக்கும்" என்றார். எழுந்து, கண்மாய்க் கரைப் பக்கம் திரும்பி ஒரே ஒரு படம் எடுத்தார். கேமராவின் முதுகிலிருந்த சின்னத் திரையைக் கையால் நிழல் கட்டி எனக்குக் காட்டினார்.

மாசி மாதத்து உச்சி வெயில். எதிரே கரிசல் வெடித்துக் கிடந்தது. கரையில் சீமைக்கருவேலம் தூசி படிந்து நின்றது. திரையில் இருந்ததும் அதே கரைதான், அதே மரங்கள்தான். ஆனால் ஒவ்வொரு மரமும் வெண்மையாகப் பூத்துப் பொங்கி நின்றது. இலை இலையாகப் பஞ்சை ஒட்டிவைத்ததுபோல, தொட்டால் உதிர்ந்துவிடும்போல. வானம் சிலேட்டுப் பலகையாகக் கறுத்திருந்தது. கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீர் மையாகத் தேங்கிக் கிடந்தது. அவ்வளவு வெளிச்சத்திலும் அந்தப் படத்துக்குள் ஏதோ ஒரு குளிர்ச்சி. தூரத்தில் மேய்ந்த மூன்று மாடுகள் வேறு எங்கோ மேய்கிறவைபோல இருந்தன. நான் திரையையும் கரையையும் மாறிமாறிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எது நிஜமான கரை என்று கேட்டால் உடனே சொல்லியிருக்க மாட்டேன்.

"நம்ம ஊர்ல பனி பெஞ்சா இப்படித்தான் இருக்கும்" என்றார். "பெய்யாதுல்லா? அதான் நாம பெய்ய வச்சுக்கிட வேண்டியது."

இசக்கித்துரைக்கு நாற்பத்தெட்டு வயது. சங்கரன்கோவில் தெற்கு ரதவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் 'துரை டிஜிட்டல்' என்று ஸ்டூடியோ வைத்திருக்கிறார். இருபத்துநாலு வருடங்களாகக் கல்யாணமும் சடங்கும் காதுகுத்தும் எடுத்து வருகிறவர். ஒல்லி. கண் இடுங்கியிருக்கும், வலது கண் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் முகத்தில் விழும் வெளிச்சத்தைப் பார்க்கிறார் என்பது பழகப் பழகத்தான் தெரியும். பேச்சு நடுவில் "லேசா அங்கன திரும்புங்க" என்பார். நாமும் திரும்பிவிடுவோம். படம் எதுவும் எடுக்க மாட்டார். அப்படியே பேச்சைத் தொடர்வார்.

மற்ற போட்டோக்காரர்களுக்குக் காலையும் மாலையும்தான் நேரம். இவருக்கு ஊர் சோறு தின்றுவிட்டுச் சாயும் நேரம். பன்னிரண்டு மணியானால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். தறிச் சத்தம் ஓயாத தெருக்களைத் தாண்டி, திருவேங்கடம் சாலையிலோ கழுகுமலை சாலையிலோ அவர் பைக் போவதைப் பார்க்கிறவர்கள், கிறுக்கு பிடித்துவிட்டது என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு வேறு சொன்னார்கள். அதற்கு வருகிறேன்.

எடுக்கும் படங்களைத் தபால் கார்டு அளவில் அச்சடித்துச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் சில வார்த்தைகள் இருக்கும். 'வேம்பு, கொழுந்து, செம்பச்சை. சுவர், மங்கிய ஊதா. வாளி, சிவப்பு.' எதற்கு இது என்று கேட்டேன். "நம்ம இஷ்டத்துக்கு அதுக கலர எடுத்துட்டோம். என்ன கலர எடுத்தோம்ங்கிறதுக்கு ஒரு எழுத்தாவது இருக்காண்டாமா?" என்றார்.

இந்தக் கேமரா பிறந்தது கொரோனாக் காலத்தில். கல்யாணங்கள் நின்றுபோய், எட்டு மாதம் பெட்டிக்குள்ளேயே கிடந்த பழைய கேமராவுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து அதைப் பிரித்தார். படம் பதியும் சில்லுக்கு முன்னால், விரல் நகம்போல மெல்லிய நீலக் கண்ணாடி ஒன்று இருந்தது. துடைக்கும்போது கையிலேயே ஒடிந்துவிட்டது. ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தாராம். பிறகுதான் அந்தக் கண்ணாடியின் வேலை என்னவென்று தேடிப் படித்திருக்கிறார். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியும் இருக்கிறது. சிவப்புக்கும் அப்பால் இருப்பது. கேமராவின் சில்லுக்கு அது தெரியும். தெரிந்தால் படத்தின் நிறம் கெட்டுவிடும் என்று, நம் கண் பார்ப்பதை மட்டும் அதுவும் பார்க்கட்டும் என்று, கம்பெனிக்காரன் அந்த நீலக் கண்ணாடியை வைத்து அடைத்திருக்கிறான். "மாட்டுக்குக் கண்பட்டை கட்டுத மாதிரி" என்கிறார் இசக்கித்துரை. "நான் தெரியாமக் கைபட்டு அத அவுத்துட்டேன்."

அவருடைய மனைவி யோகலட்சுமி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளர். நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லு ஒன்றை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அதை அளந்து அறுத்து நீலக் கண்ணாடியின் இடத்தில் பொருத்தினார் இசக்கித்துரை. இப்போது கேமரா எல்லாவற்றையும் பார்த்தது. கண் பார்க்கும் ஒளியை மட்டும் தடுக்க வேண்டும். அதற்குப் பழைய ஃபிலிம் சுருள்களின் நுனியில் வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போன துண்டுகள் இரண்டை லென்சின் முன் ஒட்டினார். கண்ணுக்கு அது அடுப்புக்கரி. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோ திறந்த ஜன்னல். கொல்லையில் நின்ற முருங்கையை எடுத்திருக்கிறார்.

"என்னயக் கூப்பிட்ட சத்தத்துல நான் பாம்புன்னு நெனச்சு ஓடியாரேன்" என்றார் யோகலட்சுமி. "இவுக கேமராவக் கையில வச்சிக்கிட்டு அழுதுட்டு இருக்காக. 'யோகா, முருங்கையில பஞ்சு வெடிச்சிருக்குட்டி'ங்காக."

"அழல" என்றார் இசக்கித்துரை. "வெயிலு. கண்ணு கூசிச்சு."

இப்போது முறையான வடிகட்டிக் கண்ணாடிகள் மூன்று வைத்திருக்கிறார். மூன்றும் பார்வைக்குக் கறுப்புதான். வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒன்று மட்டும் நாவல்பழச் சாறுபோல உள்ளுக்குள் சிவக்கிறது. டிவி ரிமோட்டைக் கேமரா முன் நீட்டி அமுக்கிக் காட்டினார். என் கண்ணுக்கு ரிமோட்டின் நுனியில் ஒன்றுமே இல்லை. திரையில் அங்கே ஒரு விண்மீன் மின்னி மின்னி அணைந்தது. "தெனமும் நம்ம வீட்டு நடு வீட்டுலயே இது மினுங்குது. நமக்குத் தெரிஞ்சிச்சா?" என்று அவர் கேட்டது இரண்டு நாட்கள் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

வம்பு கறுப்புச் சட்டையில் தொடங்கியது. போன வருடம் ராயகிரிப் பக்கம் ஒரு கல்யாணம். வழக்கமான கேமராவில் வேலையை முடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்துக்குப் பின்னாலிருந்த தென்னந்தோப்பை இந்தக் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் சினேகிதன் ஒருவன் கறுப்புச் சட்டையோடு குறுக்கே வந்துவிட்டான். திரையில் அவன் சட்டை வெள்ளை வெளேரென்று விழுந்தது. சாயம் கண்ணுக்குத்தான் கறுப்பு. அந்த ஒளிக்கு அது சாயமே இல்லை. விளையாட்டாக அவனுக்குக் காட்டியிருக்கிறார். அவன் அதைத் தன் செல்போனில் படம் பிடித்து அனுப்பினான். மறுநாள் அது யார் யாருடைய போனிலோ இருந்தது. மூன்றாம் நாள் அதற்குக் கீழே எழுத்து முளைத்திருந்தது: 'துணியைத் தாண்டிப் பார்க்கும் கேமரா. சங்கரன்கோவிலில். பெண்கள் உஷார்.'

ஆறு கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. தெருவில் அவரைப் பார்த்ததும் பெண்கள் மாராப்பை இழுத்து விட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் யோகலட்சுமியோடு சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் வேறு மேசைக்குப் போனார்கள். ஒரு பெண்ணின் தகப்பனார், நல்ல மனிதர், ஸ்டூடியோவுக்கே வந்து உட்கார்ந்தாராம். "அண்ணாச்சி, எனக்கு ஒங்க மேல ஐயமில்ல. ஒத்த வார்த்தை சொல்லுங்க. துணிக்குள்ள அது பாக்காதுன்னு சொல்லுங்க. எம்பொண்ணு கல்யாணத்த நீங்கதான் எடுக்கணும்."

ஆமாம், பார்க்காது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இசக்கித்துரை யோசித்துவிட்டுச் சொன்னது இது: "பெரும்பாலும் பாக்காது. ரொம்ப மெல்லிசா சிந்தெடிக் துணின்னா லேசா நிழலடிச்ச மாதிரித் தெரியலாம். நான் சோதிச்சுப் பாத்ததில்ல. அதனாலதான் நான் ஆளுக பக்கமே அதத் திருப்புறதில்ல."

பெண்ணின் தகப்பனார் எழுந்து போய்விட்டார்.

"இல்லன்னு ஒரு சொல்லு சொன்னா இவுக வாயி வெந்தா போயிரும்?" யோகலட்சுமி என்னிடம் இதைச் சொன்னபோது கோபமெல்லாம் வடிந்து, வெறும் வியப்புதான் மிச்சமிருந்தது. "இருவத்தோரு வருசம் குடும்பம் நடத்துதேன். அன்னைக்குத்தான் இவுகள மொதத் தடவ பாக்க மாதிரி இருந்திச்சு."

சோதித்துப் பார்த்ததில்லை என்று சொன்ன வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை. பக்கத்துக் கடை முகம்மது அப்சல் தையல்காரர். அவரிடம் போய் வெட்டு மிச்சங்களைக் கேட்டார். பருத்தி, பாலியெஸ்டர், ஷிபான், லைனிங் துணி என்று நாற்பது துண்டுகள். ஸ்டூடியோ வாசலில் கொடி கட்டி, ஒவ்வொரு துண்டையும் தொங்கவிட்டு, பின்னால் நாள்காட்டித் தாளை வைத்து, உச்சி வெயிலில் வரிசையாகப் படம் எடுத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. நாற்பதில் மூன்று துண்டுகளில் தேதி மங்கலாகத் தெரிந்தது. இசக்கித்துரை அந்த மூன்று துணிகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார்.

"வே, ஒமக்கு மூளை கீளை இருக்கா?" என்றார் அப்சல். "முப்பத்தேழுல தெரியலல்லா, அத எழுதும் வே!"

அதையும் கீழே எழுதினார். ஆனால் மேலே இருந்த மூன்றைத்தான் ஊர் படித்தது.

அந்தத் தாள் நான் போயிருந்தபோதும் கதவில் இருந்தது. வெயிலில் மை வெளுத்துப்போயிருந்தது. ஆறு மாதமாக இசக்கித்துரை சத்தமாகப் பேசுவதில்லை என்றார் அப்சல். சந்துக்குள் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, ஓசையில்லாமல் ஷட்டரைத் தூக்குகிறார். டீக்கடைக்குப் போவதில்லை. ஒரு ஹாரன்கூட அடிப்பதில்லை.

நான் அவரோடு இருந்த இரண்டாம் நாள் சனிக்கிழமை. பதினொன்றரை மணி இருக்கும். பள்ளி விடுமுறை என்பதால் யோகலட்சுமி ஸ்டூடியோவில் இருந்தார். கதவை மறைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது இருக்கலாம். செருப்பில் கரிசல் மண். தோளில் மஞ்சள் பை.

"உள்ள இருக்கதயெல்லாம் காட்டுத கேமரா இங்கனதான் இருக்கா?"

யோகலட்சுமியின் முகம் இறுகியது. "நீங்களும் ஏசதுக்குத்தான் வந்தியளா?"

"நான் ஏன் தாயி ஏசுதேன்" என்றார் அந்தப் பெண். இடது முழங்கையை மடக்காமல் நீட்டிக் காட்டினார். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

அவர் பெயர் மாரித்தாய். இளையரசனேந்தலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். ஆடு மேய்ப்பவர். முழங்கைக்குக் கீழே உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கன்றிச் சுருங்கி, அட்டைக்கரியாக இருந்தது. அதற்குள் பச்சை குத்திய எழுத்து இருக்கிறது என்றார். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். ரெண்டு வயசோ மூணு வயசோ, இதே சங்கரன்கோவிலில், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தனியாக நின்றிருக்கிறார். பந்தல்காலைக் கட்டிக்கொண்டு, பேர் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டிருந்த பிள்ளையை ஆட்டுக்காரர் ஒருவர் தூக்கிவைத்துக்கொண்டார். சாயங்காலம்வரை அதே இடத்தில் நின்று பார்த்தார். கையில் இருந்த எழுத்தைக் கவனிக்காமலே ஸ்டேஷனில் சொல்லிவைத்தார். யாரும் வரவில்லை. பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு மழை பெய்ததால் மாரித்தாய் என்று கூப்பிட்டார்கள்.

"எங்கய்யா அடுத்த மூணு வருசமும் தபசுக்கு என்னயத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு அதே எடத்துல வந்து நிப்பாகளாம். பெத்தவுக கண்ணுல பட்டுரணும்னு. மூணாவது வருசம் வீட்டுக்குத் திரும்புதப்ப, 'தாயி, இனிமே நீ எம்பிள்ளதான்'னாகளாம்."

கையில் எழுத்து இருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள்தான் இல்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் என்று இருந்த நாட்களில், வந்த முதல் வருடமே, அடுப்பிலிருந்த கொதிகஞ்சி கையில் கொட்டிவிட்டது. ஆறியபோது எழுத்து இல்லை. கறுப்புதான் இருந்தது.

"அம்பது வருசமா இந்தக் கையோடதான் ஆடு மேய்க்கேன். இதுல என்ன எழுதிருக்குன்னு எனக்கும் தெரியாது, ஆட்டுக்கும் தெரியாது" என்று சிரித்தார். "ஊருல சொன்னாக, சங்கரங்கோயில்ல ஒரு கேமரா இருக்காம், மூடி வச்சதெல்லாம் காட்டுதாம்னு. எல்லாரும் பயந்தாக. எனக்கு ஒறக்கம் வரல."

இசக்கித்துரை அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "நான் அதுல ஆளுகள எடுக்கிறதில்லக்கா."

"ஆள எடுக்காண்டாம். கைய எடுங்க."

  யோகலட்சுமிதான் எழுந்தார். உள்ளே போய், படம் எடுக்க உட்காரவைக்கும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நேரே வாசலைத் தாண்டித் தெரு நடுவில், சுள்ளென்ற வெயிலில், அதை வைத்தார்.

"இங்கன வச்சு எடுங்க" என்றார் கணவரிடம். "உள்ள வேண்டாம். பாக்குதவன் எல்லாம் வந்து பாக்கட்டும்."

அப்சல் கடையிலிருந்து கெட்டிக் காடாத்துணி ஒன்றைக் கொண்டுவந்து இன்னொரு முக்காலிமேல் விரித்தார். மாரித்தாய் உட்கார்ந்து, துணிமேல் கையை வைத்தார், ரத்தம் எடுக்கக் கொடுப்பதுபோல. ஜன்னல்கள் திறந்தன. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வந்தார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.  இசக்கித்துரை கறுப்புக் கண்ணாடியை லென்சில் திருகும்போது மூன்று முறை மரை பிசகியது. அவர் குனிந்தார்.

முதல் படத்தைப் பார்க்க எல்லாத் தலைகளும் நெருக்கின. சேலையைத்தான் முதலில் தேடின என்று எனக்குத் தெரியும். சேலை சேலையாகத்தான் இருந்தது. கத்தரிப்பூ நிறம் போய்ச் சாம்பல் வெள்ளையாக. ஆனால் கை! வெயிலில் காய்ந்து காய்ந்து மரப்பட்டையாகிவிட்ட அந்தக் கை, திரையில் மெழுகுபோல வெளுத்திருந்தது. உள்ளே நரம்புகள் ஆற்றுப் படத்தில் வரும் கிளைகள்போல ஓடின. ஐம்பது வருடக் கறுப்பு கழன்றுபோய், அந்த இடத்தில் ஒரு பிள்ளையின் தோல் இருந்தது. அதன்மேல் புள்ளிகள். அங்கங்கே திட்டுத் திட்டாகக் கோடுகள்.

"இன்னும் ஆழமாப் போகணும்" என்று முணுமுணுத்தார் இசக்கித்துரை. கண்ணாடியை மாற்றினார். மாரித்தாயின் கையைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார், இன்னும் கொஞ்சம். பதினைந்து, இருபது படங்கள். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. குடையைக் கேமராவுக்குப் பிடிக்க மறந்துவிட்டார். யோகலட்சுமி எடுத்துப் பிடித்தார்.

மடிக்கணினியில் போட்டுப் பெரிதாக்கியபோது, வெள்ளைத் தோலில் கறுப்பு மணிகளாக எழுத்து நின்றது. பச்சை குத்தியவரின் கை கோணல். கொம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.  இசக்கித்துரை ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து நகர்த்தினார்.

"கோ. ம. தி."

மாரித்தாய் திரையைப் பார்க்கவில்லை. அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோமதின்னு இருக்குக்கா."

"கோமதியா?"

"ஆமா."

"கீழ இன்னும் ஒரு வரி இருக்குல்லா வே" என்றார் அப்சல். இருந்தது. ஆனால் கஞ்சி அதைத்தான் முழுதாகத் தின்றிருந்தது. கடைசியில் 'ரி' என்ற ஒரு எழுத்து மட்டும் நின்றது. ராயகிரி என்றார் ஒருவர். சிவகிரி என்றார் இன்னொருவர். தகப்பன் பேராக இருக்கும், மாரி என்று முடியும் பேர் எத்தனை இல்லை என்றார் டீக்கடைக்காரர். ஆளுக்கொரு ஊரும் ஆளுக்கொரு தகப்பனும் சொன்னார்கள். மாரித்தாய் இசக்கித்துரையைக் கேட்டார்.

"தெரியலக்கா" என்றார் அவர். "அதுக்குமேல அது காட்டல."

இதற்குப் பிறகு வதந்தி அடங்கிற்றா என்று கேட்பவர்கள் உண்டு. முழுக்க அடங்கவில்லை. கைவிட்டுப்போன கல்யாணங்களில் எதுவும் திரும்பி வரவில்லை. புதிதாக இரண்டு வந்திருக்கின்றன. யோகலட்சுமியோடு சாப்பிட ஒருவர் மட்டும் பழைய மேசைக்குத் திரும்பியிருக்கிறார். மங்கிப்போன பச்சை குத்தலைப் பார்க்க வேண்டும் என்று மாதத்துக்கு ஒருவரோ இருவரோ வருகிறார்கள். எல்லோரையும் தெருவில் உட்காரவைத்துத்தான் எடுக்கிறார். சில கைகளில் ஒன்றும் தெரிவதில்லை. தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். இதையெல்லாம் பிற்பாடு போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தச் சனிக்கிழமையில் நான் பார்த்தது இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

படத்தை அச்சடித்து உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மாரித்தாய் மஞ்சள் பைக்குள் வைத்தார். வாய்க்குள் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், புதுச் சோற்றை மென்று பார்ப்பதுபோல. "ஒட்டமாட்டேங்குதே" என்றார். நாலு எட்டு நடந்தவர் திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு ஒதவி. நான் அந்த முக்குக்குப் போயிருதேன். அங்கன நின்னு போற மாதிரிப் போறேன். நீங்க இங்கன இருந்து என்னயக் கூப்பிடணும். கூட்டத்துல பிள்ளயத் தொலச்சவ எப்படிக் கூப்பிடுவா, அப்படி."

இசக்கித்துரை திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். "நீ கூப்பிடு யோகா."

"ஒங்களத்தான கேட்டாக" என்றார் யோகலட்சுமி.

மாரித்தாய் போனார். சந்து ரதவீதியில் சேரும் முக்கில் சனிக்கிழமைக் கூட்டம். பூ வாங்குகிறவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள், பஸ்ஸுக்குப் போகிறவர்கள். வெயில் எல்லோர் தலையிலும் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. கத்தரிப்பூச் சேலை அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, இதோ அதோ என்று தெரிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நகர்ந்தது.

இசக்கித்துரை கேமராவைக் கழற்றி அப்சல் கையில் கொடுத்தார். தெரு நடுவுக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். இரண்டு உள்ளங்கைகளையும் வாயருகே குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, தறிச் சத்தத்துக்கும் மேலாகக் கத்தினார்.

"ஏட்டீ கோமதீ...!"

கோமதியம்மன் ஊர் இது. பூக்கடையில் இருந்தவள் திரும்பினாள். தயிர்ச் சட்டிக்காரி திரும்பினாள். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி நின்று திரும்பினாள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த இருவரில் ஒருத்தி "என்னா?" என்றாள். இவர்கள் எல்லோருக்கும் அப்பால், ஒரு நொடி தாமதித்து, தன்னைத்தானா என்று கேட்பதுபோல, கத்தரிப்பூச் சேலையும் திரும்பியது. இசக்கித்துரை குவித்த கைகளை இறக்கி, வலது கையைத் தலைக்குமேல் உயர்த்தி, விரல்களை மடக்கி மடக்கி ஆட்டினார்: உன்னைத்தான், வா, வா.